கரடி கிழித்த கோட்டும் அண்ணன் போட்ட ஒட்டும்

மழைக்கோட்டின் தோள்பட்டையில் தையல் வராமல் வெட்டும் முறையை நம் கம்பெனிக்குக் கொண்டுவந்தவன் நான். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக்கொண்டிருந்த பழைய தகரக் கொட்டகையைத் தையல்கூடமாக மாற்றியவன் நான். கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று மேட்டுப்பாளையத்தில் மிதி மெஷின்களை வாங்கி லாரியில் ஏற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவை சாயாமல் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டு மலையேறியவன் நான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் வந்த பெண்களைத் தையல்காரர்கள் ஆக்கியவன் நான். கிழிந்த கோட்டு எந்த ஊரிலிருந்து திரும்பி வந்தாலும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கும் மேசையைப் போட்டவன் நான். கரடி நாசம் பண்ணிய சரக்கைக் கம்பெனியின் அடையாளமாக ஆக்கியவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தான் என்று இதுவரை யாரும் எழுதவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

இது தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு மலர் என்பது எனக்குத் தெரியும். கம்பெனியை இப்போது நடத்திவரும் தம்பி மகள்தான் இந்த மலரைத் தொகுத்திருக்கிறாள். “பெரியப்பா, ஒரு பக்கம் போதுமுங்க. அப்பாவைப் பத்தி மட்டும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னை ஓரமாகத் தள்ளிவைத்து எழுதினால் அவள் அப்பாவின் வாழ்க்கையில் பாதிதான் வரும். தம்பியை ‘அவர்’ என்று மரியாதையாக எழுத வேண்டுமாம். என் இடுப்பில் உட்கார்ந்து மூக்கொழுகிய ஆளை அப்படி எழுதக் கை கூசுகிறது. ஊர் வழக்கத்துக்காக எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

தம்பி பிறந்தது நீலகிரியில் குந்தாப் பக்கம், மின்சார அணை வேலைக்கு வந்த கூலி ஆட்களின் குடியிருப்பில். எங்கள் அப்பா அன்னூர்ப் பக்கமிருந்து மண் சுமக்க வந்தவர். வேலை முடிந்ததும் எல்லோரும் கீழே இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. அம்மா தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனார். தம்பிக்குப் பால்பல் விழும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. குன்னூர் கடைவீதியில் ஒரு தையல்கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தேன். நான் மெஷின் மிதித்தேன், தம்பி படித்தார். கோவையில் கல்லூரி வரைக்கும் படித்தார். புத்திசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்திக்கு அடியில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன மாதம் தம்பியைப் பற்றி நடந்த கூட்டத்தில் பேசியவர்கள் ‘தன் முயற்சியால் படித்தவர்’ என்று பேசினார்கள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

படித்து முடித்துப் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார். திடீரென்று ஒருநாள் பெட்டியோடு, அதற்குள் நான் சொந்தமாகப் போட்டிருந்த தையல்கடை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணா, அங்க ஆத்துல தண்ணி ஒரு நாளைக்குச் செவப்பு, ஒரு நாளைக்கு நீலம். என்ன கலரு ஆர்டரோ, அந்தக் கலரு ஆறு. அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாமுங்ணா.”

“வேலைய உட்டுப்போட்டு என்ன பண்றதா உத்தேசம்?”

“மழைக்கோட்டு செய்யலாமுங்ணா. மலையேற வர்றாங்கல்லோ, அவிங்களுக்கு. தூக்கிப் போடற தண்ணி பாட்டில உருக்கி நூலாக்கித் துணி நெய்யறாங்க. அந்தத் துணியில செய்யலாம்.”

“குப்பையில கோட்டா? எவன்டா போடுவான்?”

“நீங்க தச்சா போடுவாங்க.”

அந்தக் கடைசிப் பேச்சை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாளில் நடந்த பேச்சு அது. ‘நீங்க தச்சா’ என்றுதான் தம்பி ஆரம்பித்தார்.

தொடக்கத்தில் தைத்த கோட்டுகள் எல்லாம் ஒழுகின. வெளிநாட்டுக் கோட்டு ஒன்றைத் தம்பி எங்கிருந்தோ வாங்கி வந்து, பிரித்துப்போட்டு, அதே மாதிரி தைக்கச் சொன்னார். தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு, முதுகில் பையையும் மாட்டிக்கொண்டு, கொட்டகை வாசலில் ஆடி மழையில் நின்றார். உள்ளே வந்து கழற்றினால் சட்டையின் இரண்டு தோளும் சொதசொதவென்று இருந்தன. “துணி நல்ல துணிதானுங்ணா, எங்கிருந்து தண்ணி வருது?” என்று கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டையின் மேல் பையின் வார் அழுத்துகிறது, தண்ணீர் உள்ளே வராமல் எங்கே போகும்?

நான் மூலையில் கிடந்த ஒரு சாக்கை எடுத்தேன். அதன் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தம்பியின் தலையில் கவிழ்த்தேன். கொங்காடை என்போம். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்வது. எங்கள் அம்மா ஆயுசு முழுக்க அதற்குள்தான் நனையாமல் நின்றார்.

“இதுக்குத் தோள்ல தையல் இருக்குதா பாருடா.”

தம்பி சாக்கோடு மறுபடியும் மழையில் போய் நின்றார். திரும்பி வந்தவர், “தலையும் முதுகும் ஒரே துணியாட்ட வெட்டோணும், அப்படித்தானுங்ணா?” என்று கேட்டார். அப்படித்தான். துணியை மேசையில் விரித்து, தலைப்பகுதி, தோள், முதுகு எல்லாம் ஒரே துண்டாக வரும்படி வெட்டினேன். தையலைக் கைக்கு அடியில் இறக்கினேன். துணி கொஞ்சம் வீணாகிறது என்றார் தம்பி. மிஞ்சியதில் பாக்கெட் வைத்தேன். இன்றைக்கும் நம் கோட்டு விலைபோவது அந்தத் தோளுக்காகத்தான்.

பிற்பாடு பட்டணத்திலிருந்து வருகிறவர்களிடம் தம்பி என்ன சொன்னார்? “இது மலைப் பெண்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது” என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். மலைப் பெண்கள் என்றால் எந்தப் பெண்? எங்கள் அம்மா. கற்றுக்கொண்டது யார்? கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது? ஊர் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்த பெருமையில் என் பங்கு மட்டும் இலைக்கு வரவில்லை.

தம்பியின் நல்ல குணங்களை எழுதாமல் விட்டால் பொறாமை என்பார்கள். எழுதுகிறேன். சாயத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஓடையில் இறங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். சாயம் போடாத துணியின் நிறத்திலேயே பாதிக் கோட்டுகளைச் செய்தார். வெட்டித் துண்டான துணியைக் குப்பையில் போட்டால் சாப்பிடாமல் இருந்துவிடுவார். தோட்டத்துப் பெண்களுக்கென்று அதே தோள்வெட்டில் மலிவான கோட்டு ஒன்றைச் செய்து, லாபம் வைக்காமல் நடுவட்டம், ஓவேலி வரை கொண்டுபோய்க் கொடுத்தார். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பிழைக்கத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு கோட்டையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். முடியாது என்று தம்பி சொல்லிவிட்டார். “பாட்டில எடுத்துக் கோட்டு தச்சு, கோட்ட மறுக்கா கவருக்குள்ள போட்டா நம்ம செஞ்சது என்னங்ணா?” என்று என்னையே கேட்டார். அவர் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்குப் பதில் சொன்னவன் நான். அந்த முடிவு தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். செத்துப்போனதால் ஒருவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது.

நற்சான்று கொடுப்பதற்கென்று வந்த அதிகாரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையைக் கெடுக்காமல் நாங்கள் தொழில் செய்கிறோமா என்று சோதிக்க வந்தவர்கள் காரில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். மலையில் அதற்குத் தடை என்று அடிவாரச் சோதனைச் சாவடிக்காரர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தாகத்தோடு வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தவன் நான். குடித்துவிட்டு, “இவர் யார்?” என்று தம்பியைக் கேட்டார்கள். “அண்ணன்” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது கரடிக்கு வருகிறேன்.

தண்ணீர் ஒட்டாமல் இருக்கத் துணியின் மேல் ஒரு பூச்சு பூசுவார்கள். அந்தப் பூச்சு மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கிவிடும் என்று தம்பி எதிலோ படித்துவிட்டார். அதற்குப் பதிலாகப் பருத்தித் துணியில் தேன்மெழுகையும் நல்லெண்ணெயையும் காய்ச்சிப் பூசலாம் என்றார். காய்ச்சி, பூசி, கோட்டுகளை வரிசையாகக் கொட்டகையில் உலர மாட்டினார்கள். வாசனை சாலை வரைக்கும் அடித்தது. எங்கள் கொட்டகை இருப்பது கோத்தகிரிச் சாலையில். அங்கே எந்தக் கோயிலிலும் விளக்கில் எண்ணெய் விட்டுவிட்டுப் போக முடியாது. கரடி வந்து குடித்துவிட்டுப் போய்விடும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

“தம்பி, எண்ணெ வேண்டாம். கரடி வரும்.”

“கரடிக்குக் கோட்டு எதுக்குங்ணா? அதுக்குத்தான் பொறக்கயிலயே போட்டு அனுப்பியிருக்குதே.”

“சிரி. கோயல் வெளக்கையே உட்டு வெக்கறதில்ல. நீ தேன் மெழுகும் எண்ணெயும் பூசி மாட்டி வெச்சிருக்கற. பந்திய விரிச்சு வெச்சுப்போட்டு ஆரும் வராதீங்கன்னு சொல்றாப்பல இருக்குது.”

“மெழுகுல தேன் இல்லீங்ணா, வாசந்தான்.”

“அதக் கரடிகிட்டப் படிச்சுக் காட்டு.”

மறுநாள் காலையில் கொட்டகையைத் திறக்கப் போனால் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்பக்கத் தகரம் அட்டை மாதிரி மடங்கிக் கிடந்தது. கோட்டுகள் எல்லாம் தரையில் கிடந்தன. நக்கியது போக மீதியைக் கிழித்திருந்தது. துணி வெட்டும் மேசையில் எனக்குத் துணையாக இருக்கும் மேரியம்மா ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கை நீளம் பத்தலையாட்ட இருக்குதுங்க, கோவத்துல கிழிச்சிருக்குது” என்றார். தம்பி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

“போச்சுங்ணா. இந்த வாரம் அனுப்பறதாச் சொல்லியிருந்தன்.”

“எந்திரி. தொவச்சுப்போட்டு ஒட்டு போடலாம்.”

“ஒட்டு போட்டதப் புதுசுன்னு எப்படிங்ணா குடுக்கறது?”

“புதுசுன்னு ஆரு குடுக்கச் சொன்னா? கரடி கிழிச்சதுன்னு சொல்லிக் குடு.”

தையல்காரன் ஒட்டு போட்டால் உள்பக்கமாகத்தான் போடுவான். தெரியாமல் போடுவதுதான் தொழில். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒட்டு கண்ணில் பட்டால் ஸ்கேலால் விரலில் அடிப்பார். அன்றைக்கு நான் அதை மாற்றினேன். கறுப்புத் துணியை நீளநீளமாக வெட்டி, கரடியின் நகம் எப்படி இறங்கியதோ அந்தத் தடத்திலேயே, கோட்டின் வெளிப்பக்கத்தில் வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி, அதில் நான் எதையும் மாற்றவில்லை. தைத்து முடித்ததை மேரியம்மா போட்டுக்கொண்டு திரும்பி நின்றபோது, முதுகில் கரடி கை வைத்தது போலவே இருந்தது. தம்பி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு படியில் உட்காரவில்லை.

அந்தக் கோட்டுகள் விற்றுப்போன வேகத்தில் எதுவும் போனதில்லை, அந்த ஒட்டின் வடிவமே கம்பெனிக்கு அடையாளமாகவும் ஆயிற்று. கரடி கிழிக்காத கோட்டுக்கும் ஒட்டு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். போட்டுக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஊட்டியிலும் கடை இருந்திருக்கும். “கிழியாததுக்கு ஒட்டு போட்டா அது பொய்யுங்ணா” என்று தம்பி மறுத்துவிட்டார். எண்ணெய்ப் பூச்சையும் நிறுத்திவிட்டு, கெடுதல் இல்லாத வேறொரு பூச்சைக் கோவையில் தேடிப்பிடித்தார். நிஜமாகக் கிழிந்து வந்தால்தான் ஒட்டு என்று ஆயிற்று. அதற்குத்தான் கூலி வாங்காத அந்த மேசையைப் போட்டேன். கோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள் என்று கம்பெனி இன்று ஊருக்கெல்லாம் சொல்கிறதே, அந்தப் பேச்சு பிறந்த இடம் அந்த மேசைதான்.

இதைப் படம் பிடிக்கப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். தம்பி ஒட்டுப்போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு என் மேசைக்குப் பின்னால் நின்றார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். “ஐயா, கொஞ்சம் அந்தப்பக்கம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றார் வந்தவர். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நகர்ந்தேன். அந்தப் படம்தான் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் தொங்குகிறது. அதில் என் மெஷின் இருக்கிறது, நான் இல்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் நகரச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. காலரைப் பிடித்துக்கொண்டு நின்ற கைதான் என் கண்ணில் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் தம்பிக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் கோவையில் வைத்துப் பார்த்தார்கள். நான் பகலெல்லாம் அருகில் இருந்தேன். ஒருநாள் மத்தியானம், தம்பி மகள் பிளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பி என் கையைப் பிடித்தார்.

“அண்ணா, அந்தத் தோளும் ஒட்டும் உங்களுதுங்ணா. நான் எங்கயும் சொல்லாம உட்டுட்டேன்.”

“ஏன்டா சொல்லல?”

“கேக்கறவங்க ஒரே ஒரு ஆளத்தான் தேடுனாங்க. நானும் அந்த ஆளா இருந்துட்டேன்.”

“இங்க சொல்லி என்ன பிரயோசனம்? இந்தக் கட்டலுக்கா கேக்கும்? நல்லாகி வந்து ஊர்ல சொல்லு.”

“சரிங்ணா” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. மலைக்கு அவர் உயிரோடு திரும்பவில்லை. சொல்கிறேன் என்று சொன்னதை முடிக்காமல் போய்விட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சாவு நாளில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். தையல்கூடத்துப் பிள்ளைகள் அழுதுகொண்டே, தம்பி எப்போதும் போட்டிருந்த பச்சைக் கோட்டை அவர் உடம்பில் மாட்டிவிட்டார்கள். கோடித் துணி போர்த்த வந்த உறவினர்கள் சரியென்று இருந்துவிட்டார்கள். மயானத்துக்கு எடுக்கும் நேரத்தில் நான் போய்ப் பொத்தான்களைக் கழற்றினேன்.

“செத்தவன் மேல கெடக்கறதக்கூட உருவறாரு பாரு. எத்தன நாளுப் பொறாமையோ” என்று சொந்தத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். பெயரை எழுதவில்லை. அவருக்கும் இந்த மலர் போகும், படித்துக்கொள்ளட்டும்.

“இது பாட்டில் துணி. இத எரிச்சா என்ன பொகை வரும்னு என்ற தம்பிக்குத் தெரியும், உங்குளுக்குத் தெரியாது” என்று அங்கேயே சொன்னேன். ஓடையில் ஒரு சொட்டுச் சாயம் விடாத மனிதனைப் பிளாஸ்டிக் புகையில் அனுப்பச் சம்மதிக்கமாட்டேன். பருத்தி வேட்டியைப் போர்த்தித்தான் அனுப்பினோம். அந்தக் கோட்டு இப்போது என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இடது முழங்கையில் கிழிந்திருக்கிறது. இன்னும் ஒட்டு போடவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மழையில் மரம் விழுந்து கிடந்த சாலையில் காத்திருந்து தம்பியை மேலே கொண்டுவந்து சேர்த்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நன்றி. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டிய மேரியம்மாவுக்கும், ஜெபம் செய்ய வந்த அவருடைய கோயில் ஆட்களுக்கும் நன்றி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த மலிவுக் கோட்டிலேயே வந்து நின்ற தோட்டத்துப் பெண்களுக்கு நன்றி. அவர்கள் யாரும் பேசவில்லை. மைக் பிடித்துப் பேசியவர்களுக்கு என் நன்றி இல்லை.

இன்றைக்குக் கொட்டகை வாசலில் ஒரு பித்தளைப் பலகையைத் திறந்து வைக்கப் போகிறார்கள். அதில் தம்பியின் பெயரும், ‘நிறுவியவர்’ என்ற சொல்லும், கரடிக் கையின் படமும் இருக்கின்றன. நான் வெட்டிய ஒட்டின் படம்தான் அது. வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் பெரியவன் என்று அதை மூடியிருக்கும் துணியை விலக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பாப்பா, ஆஸ்பத்திரியில் உன் அப்பா சொன்னதைக் கேட்டது நானும் நீயும்தான். கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். ஒரு வருஷமாக நீயும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். தம்பி பெயருக்குக் கீழே ‘தோளும் ஒட்டும் அண்ணன் கைவேலை’ என்று ஒரு வரி வெட்ட வேண்டும். அவர் பெயரைச் சின்னதாக்க வேண்டாம். என் பெயர்கூட வேண்டாம், அண்ணன் என்று இருந்தால் போதும். பித்தளையில் இடம் இருக்கிறது, நான் விரலால் அளந்து பார்த்துவிட்டேன்.

அந்த வரி வருகிறவரைக்கும் துணியை நான் விலக்கமாட்டேன். வேறு யாரும் விலக்கவும் கூடாது. மழை பெய்தாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. மூடியிருக்கும் துணியும் நான் தைத்ததுதான், மேலே தையல் கிடையாது.